நின்றால் அணைந்துபோகும் வண்டி

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
9 பிப்ரவரி 2025

பிரான்சுவாவுக்கு உன் அக்கா பெர்னதெத் எழுதுவது.

நானும் கிளாட்வினும் சௌக்கியம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது, ழோஸ்லினின் முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்க வேண்டியது முறை. கேட்டுவிட்டேன்.

உன் அம்மா ஏன் போனில் கிடைப்பதில்லை என்று என் பிள்ளை கிளாட்வினிடம் விசாரித்தாயாம். உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் எனக்குக் குமட்டுகிறது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் தாளில் எழுது. தாளில் குரல் கேட்காது.

எதற்கு என்று தெரியாதவன்போல நடிக்காதே. லிசே பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியார் ஊரைவிட்டுப் போகும்போது அவரிடம் வாங்கின அந்தச் சிவப்பு ரெண்டு சீட்டுக் காரை நம் கொட்டகையில் தள்ளிவிட்டு நீ பிரான்சுக்கு, அந்தத் துலோனுக்கு ஏறினாய். இத்தனை காலம் அது எலிகளுக்குப் பிரசவ வார்டாக இருந்தது. இப்போது என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை என் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகிவிட்டாய். அவன் லீவு நாளையெல்லாம் அதற்கே அழுது, ஓட வைத்துவிட்டான். சீட்டைப் பிரித்தபோது உள்ளே செத்துக் கிடந்த எலிக்குஞ்சுகளின் நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. அதை அள்ளிய கையோடு சோற்றுக்கு வந்து உட்கார்ந்தான்.

செலஸ்தேன் அந்தக் கிழக்குக் கடற்கரை ரோட்டில்தான் போனார். நான் நர்ஸாக டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த அதே எமர்ஜென்சி வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். முகம் பார்த்து இல்லை, ஷூவைப் பார்த்துத்தான் என் புருஷன் என்று சொன்னேன். உனக்குத் தெரியாததா. இப்போது என் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் அதே ரோட்டில் நூற்றிருபதில் பறக்கிறான். கேட்டால், "எல்லாரும் நின்னு பாக்குறாங்கம்மா" என்கிறான். அவன் அப்பாவையும்தான் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். வண்டியைத் திருப்பி வாங்கிக்கொள்.

வீட்டில் ஜெபத்துக்கு வைத்திருந்த லூர்து மாதா தண்ணீர் தீர்ந்துவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பச் சொல். உன்னிடம் கேட்கவில்லை, உன் பெண்சாதி ழோஸ்லினிடம் கேட்கிறேன்.

பெர்னதெத்

*

துலோன்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பிரான்சுவா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை மாத்திரையோடு ஓடுகிறது. ழோஸ்லின் மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். நீயும் பிரஷர் மாத்திரையை விடாமல் போடு.

எலி நாற்றத்துக்கு மன்னிப்பு. மற்றதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பையன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன். துருப்பிடித்துக் கிடந்ததைத் தன் கையால் கழற்றி மாட்டியிருக்கிறான். இந்த ஊர் கராஜில் இத்தனை காலம் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவன் கண்மூடித்தனமாக ஓட்டமாட்டான்.

நூற்றிருபது என்பதை நம்பாதே. நாற்பது வயசு வண்டி, மலையிலிருந்து உருட்டிவிட்டால்தான் அந்த வேகம் வரும். மெதுவாகப் போ என்று நான் அவனிடம் சொல்கிறேன்.

ஈஸ்டருக்காக இந்த மாதமே நம் பங்குக் கோயில் பிரிஸ்கில்லா ஊருக்கு வருகிறாள். அவளிடம் நான்கு பாட்டில் கொடுத்திருக்கிறேன். வழக்கமான மாதா உருவம்தான், தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. ழோஸ்லின் ஒவ்வொரு வருஷமும் லூர்துக்குப் போய்க் கொண்டுவந்து என் கராஜ் பலகையில் ஆயில் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கிறாள். எதை எடுக்கிறோம் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கோபம் ஆறட்டும். உன் குரல் கேட்காமல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதே இல்லை.

உன் தம்பி,
பிரான்சுவா

*

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை
21 ஏப்ரல் 2025

பிரான்சுவாவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உங்கள் இருவருக்கும் சுகம் கொடுக்கட்டும். பாட்டில்கள் குருத்து ஞாயிறுக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டன. ஒரு மாதாவுக்கு மூக்கு நசுங்கியிருந்தது, பரவாயில்லை. ழோஸ்லினுக்கு மெர்சி சொல்.

உன் வண்டிக்கு வியாதி வந்துவிட்டது. ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது. எங்கேயாவது நிறுத்தினால் குளிர்சுரம் கண்டவன்போல உடம்பெல்லாம் உதறி, இரண்டு இருமல் இருமி, அணைந்துபோகிறது. ஓடுகிற வரைக்கும் ஜோர், ஓர் இடத்தில் நில் என்றால் ஆள் இல்லை. யாரை ஞாபகப்படுத்துகிறது என்று நான் எழுதவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்த நேரத்தில் அஜந்தா சிக்னலில் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவன் எல்லாம் ஆரன் அடிக்கிறான், ஒருத்தன் அம்மாவை இழுத்துத் திட்டுகிறான். ஓரமாகத் தள்ளிவிட்டு என் பிள்ளை நடந்தே வீட்டுக்கு வந்தான். என்கூட உட்கார்ந்து கஞ்சி குடித்தான். எவ்வளவு நாளைக்கு அப்புறம்.

செம்மல் என்று ஒரு மெக்கானிக், அவன் பட்டறை நம் தெரு முனையில்தான் இருக்கிறது. வாயில் பாக்கை அதக்கிக்கொண்டே வந்தான். "சிலோல நிக்க மாட்டேங்குதுக்கா, பிளக்கு போயிருக்கும்" என்றான். மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடுவதற்குச் சிலோ என்று பெயராம். பிளக்கு மாற்றினான், ஒன்றும் ஆகவில்லை. போகும்போது என் செம்பருத்தித் தொட்டியில் சிவப்பாகத் துப்பிவிட்டுப் போனான். இந்த ஜாதி ஆட்கள் என் வாசலுக்கு வந்துபோவதும் உன் புண்ணியம்தான்.

வைத்தியம் கேட்டு எழுதவில்லை. உன் பரிசு எப்படி இருக்கிறது என்று தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

பெர்னதெத்

*

துலோன்
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே வெயில் கொளுத்தும் நேரம், மத்தியானத்தில் வெளியே போகாதே.

வைத்தியம் கேட்காவிட்டாலும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கிளாட்வினிடம் போனில் கேட்டால் "எல்லாம் செக் பண்ணிட்டேன் மாமா" என்று ஒரே வரியில் முடிக்கிறான். நோயாளி நெஞ்சில் காது வைத்துக் கேட்டவள் நீ. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

எஞ்சினுக்கு வேண்டியது நெருப்பு, காற்று, பெட்ரோல். நெருப்பு போயிருந்தால் ஓடும்போதும் இடறும். ஓட்டத்தில் நன்றாக இருந்து நின்றால் மட்டும் சாகிறது என்றால் நான் முதலில் காற்றைத்தான் சந்தேகப்படுவேன். கார்பரேட்டர் அடியில் ஏதாவது ரப்பர் வெடித்துத் திருட்டுக் காற்று உள்ளே போகும். காலையில் அவன் வண்டியைக் கிளப்பும்போது பக்கத்தில் நில். பாம்பு சீறுவதுபோல மெல்லிய சத்தம் வருகிறதா என்று கேள். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் எஞ்சின் சத்தம் மாறும். மாறினால் நோய் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் சில கேள்வி. காலையில் மோசமா, சாயந்திரம் மோசமா? கொட்டகை ஒழுகுகிறதா? பெட்ரோல் யார் போடுவது? வேறு யாராவது வண்டியைத் தொடுகிறார்களா?

கேட்டு எழுது. உன் கடிதம் வந்தால் ழோஸ்லின் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். திட்டு வாங்குவதற்கு இவ்வளவு சந்தோஷமா என்கிறாள்.

பிரான்சுவா

*

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை
8 ஜூன் 2025

பிரான்சுவாவுக்கு,

நான் சௌக்கியம். கால் வீக்கம் வற்றிவிட்டது. ழோஸ்லின் சிரிப்பதற்கு என் கடிதம் சர்க்கஸ் இல்லை என்று சொல்.

நீ கேட்டதற்குப் பதில். சீறல் சத்தம் எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீர் தெளித்தும் சத்தம் மாறவில்லை. கொட்டகை ஒழுகவில்லை. பெட்ரோல் அவன்தான் போடுகிறான். வெள்ளி சனி வரைக்கும் சுமாராக இருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அதிகம் உதறுகிறது. மாதா கோயில் மணி அடிக்கும்போது கிளப்புவான், தெரு திரும்புவதற்குள் அணைந்துவிடும். பிறகு என்ன செய்வான், சட்டையை மாற்றிக்கொண்டு என்கூடப் பூசைக்கு வருகிறான். பக்கத்தில் முழங்கால் போடுகிறான். அவன் அப்பா வாசனை அவன் சட்டையில் இருக்கிறது.

செம்மல் காயிலை மாற்றினான், கரண்டு பிரிக்கும் மூடியை மாற்றினான், கார்பரேட்டர் அடியில் இருந்த அட்டையை மாற்றினான். ஒவ்வொரு தடவையும் "இத்தோட சரியாயிடும்க்கா" என்கிறான். கடைசியாக வந்தபோது கிரீஸ் கையை நான் கொடியில் போட்டிருந்த வெள்ளைத் துண்டில் துடைத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்தான். அந்தத் துண்டை நெருப்பில் போட்டேன். எஞ்சினைப் பிரித்துப் போட்ட இடத்தில் கறுப்பு ஆயில் ஓடி, அதில் கரப்பான் செத்துக் கிடக்கிறது. என் வீட்டுக்குள் இருக்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கும்படி ஆக்கிவிட்டாய்.

வேறு யாரும் வண்டியைத் தொடுவதில்லை.

நீ அனுப்பிய நான்கு பாட்டிலும் தீர்ந்துவிட்டன. பங்குக் கோயிலில் எல்லாரும் கேட்கிறார்கள். இன்னும் நான்கு அனுப்பச் சொல்.

பெர்னதெத்

*

துலோன்
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே வேண்டும். இங்கே நாற்பது டிகிரி வெயில். ழோஸ்லின் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் புதுச்சேரியே தேவலை என்கிறாள்.

காற்று இல்லை என்று தெரிந்துவிட்டது. செம்மலை இனிமேல் எதையும் மாற்ற விடாதே. மிச்சம் இருப்பது பெட்ரோல்தான். சிலோவுக்கு என்று ஊசிக்கண் அளவு தனியாக ஒரு ஓட்டை உண்டு. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து உட்கார்ந்தால் போதும், நின்ற இடத்தில் எஞ்சின் செத்துவிடும். வேகமாக ஓடும்போது பெரிய ஓட்டை வழியாகப் பெட்ரோல் போவதால் ஒன்றும் தெரியாது. இப்போது அங்கே பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கிறார்களே, அது கடற்காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய வண்டிக்கு அது ஆகாது.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. ஞாயிறு காலையில்தான் மோசம் என்று எழுதியிருக்கிறாய். வண்டிக்குக் கிழமை தெரியாது, அக்கா. அவன் சனிக்கிழமை பெட்ரோல் போடுகிறானா, எந்தப் பெட்ரோல் பங்கில் போடுகிறான் என்று பார்.

டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைக்கச் சொல். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கண்ணுக்குத் தெரியும். அவனிடம் சொன்னேன், ஓவர்டைம், நேரமில்லை என்கிறான். நீ பக்கத்தில் நின்று செய்ய வை.

இதை மட்டும் தவறாமல் அவனிடம் சொல். சரியாகிற வரை கடலோர ரோட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. நானும் சொல்கிறேன், ஆனால் நீ சொன்னால் பயப்படுவான். வேகமாக ஓடுகிற வண்டியைவிட நடுரோட்டில் செத்து நிற்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும்.

பாட்டில் நான்கும் ஒரு ஆள் கொண்டுவருகிறார். இவ்வளவு சீக்கிரம் நான்கு மாதாவா? தாகத்துக்குக் குடிக்கிறாயா?

பிரான்சுவா

*

முத்தியால்பேட்டை
17 ஆகஸ்ட் 2025

பிரான்சுவாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பாட்டில்கள் வந்தன.

பாட்டிலில் பிடித்து வை, அடியில் பார் என்று எழுதியிருந்தாய். சாகப்போகிற நோயாளிக்கு எதற்கு அத்தனை டெஸ்ட்? நாற்பது வயசு ஆகிவிட்டது, சாகட்டும். பழைய இரும்புக்குப் போடச் சொல்லி நீயே அவனுக்கு எழுது. நீ சொன்னால் கேட்பான்.

மாதா திருநாள், சுதந்திர தினம், வீராம்பட்டினம் தேர் எல்லாம் இந்த வருஷம் ஒரே நாளில் வந்து ஊர் நாறிப்போனது. வெளியூர்க் கூட்டம் வேறு. உன் வண்டி கடற்கரைப் பக்கம் ஒரு சந்தில் அணைந்துபோய் நின்றிருக்கிறது. குடிக்க வந்த பையன்கள் அதன் மேல் பாட்டிலை வைத்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒருத்தன் டயரில் மூத்திரம் பெய்திருக்கிறான், இன்னொருத்தன் சீட்டில் வாந்தி எடுத்திருக்கிறான். அதைக் கழுவிக்கொண்டே என் பிள்ளை, "பாவம்மா வண்டி" என்றான். பெற்ற தாய்க்குக்கூட அந்த வார்த்தையை அவன் சொன்னதில்லை.

கடலோர ரோடு பற்றி நீ எழுதியதை அவனிடம் சொன்னேனா என்று கேட்காதே. அது ஊர் எல்லையைத் தாண்டினால்தானே.

பெர்னதெத்

*

முத்தியால்பேட்டை
7 செப்டம்பர் 2025

பிரான்சுவாவுக்கு,

நான் சௌக்கியம். கிளாட்வினும் சௌக்கியம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

வண்டி கொட்டகையில் இல்லை. செம்மல் பட்டறையில் இருக்கிறது.

லூர்து தண்ணீர் இனிமேல் வேண்டாம் என்று ழோஸ்லினிடம் சொல்லிவிடு.

பெர்னதெத்

*

துலோன்
25 செப்டம்பர் 2025

அக்காவுக்கு,

கிளாட்வினும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறாய். எந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அவன்தான் போனில் சொன்னான், நீ தூங்கின நேரம் பார்த்து.

"கடலோர ரோட்டுல, கனகசெட்டிக்குளத்துல தாண்டித் திரும்புறேன் மாமா, நட்ட நடுவுல ஆஃப் ஆயிடுச்சு. சாவியத் திருப்புறேன், திருப்புறேன், புடிக்கல. பஸ்ஸு வந்துட்டான்." அவ்வளவுதான் சொன்னான். டிரைவர் கடைசி நேரத்தில் ஒடித்ததால் பஸ் வண்டியின் வால்பக்கத்தில் மட்டும் இடித்தது. இரண்டு அடி முன்னால் இடித்திருந்தால் நீ மறுபடியும் ஷூவைப் பார்த்து அடையாளம் சொல்லியிருப்பாய். இப்போது தோள்பட்டை எலும்பு உடைந்ததோடும் நெற்றியில் தையலோடும் போயிற்று.

செம்மல் பட்டறையில் டேங்கை இறக்கினார்கள். வீடியோவில் பார்த்தேன். அடியில் இருந்ததை ஒரு பீர் பாட்டிலில் பிடித்தான். ஈரக்காற்றில் சேர்ந்தால் ஒரு ஸ்பூன் சேரும், இரண்டு ஸ்பூன் சேரும். இது பாதி பாட்டிலுக்குத் தண்ணீர். டேங்கைக் கவிழ்த்தபோது டொக்கென்று ஒன்று விழுந்தது. செம்மல் அதைத் துடைத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தான். "சார், இது எந்த பார்ட்டு, எங்க மாட்டணும்?" என்று கேட்டான். நீல பிளாஸ்டிக் கிரீடம், அக்கா.

கிளாட்வின் கையில் தூளி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். மறு கையால் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மாதாவுக்கு உரிய நாள், நீ டேங்கில் ஊற்றிய நாள். அதனால்தான் ஞாயிறு காலையில் மோசம். வேறு யாரும் வண்டியைத் தொடுவதில்லை என்று எனக்கே எழுதினாய். இத்தனை வருஷத்தில் கார்பரேட்டருக்குள் எறும்பு பார்த்திருக்கிறேன், பல்லி பார்த்திருக்கிறேன், பொறாமையில் ஒருத்தன் போட்ட சர்க்கரைகூடப் பார்த்திருக்கிறேன். மாதாவைப் பார்த்ததில்லை. நீ நர்ஸ். மருந்து கொடுத்து நோயாளி மோசமானால் நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தெரியும். நீ இன்னும் நான்கு பாட்டில் கேட்டாய்.

வருத்தம் என்று எழுத நினைத்தேன். வருத்தம் இல்லை, அருவருப்பு. இந்தக் கடிதத்தை எழுதிவிட்டுக் கையைக் கழுவப் போகிறேன்.

பிரான்சுவா

*

துலோன்
26 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எப்படி இருக்கிறாய்?

கடுமையாக எழுதினேன். எழுதியது பொய் இல்லை. ஆனால் வண்டியையும் நான்தான் கொடுத்தேன், தண்ணீரையும் நான்தான் அனுப்பினேன். இரண்டையும் ஒரே கராஜில் வைத்துக்கொண்டு உன்னை மட்டும் பார்த்து அருவருப்பு என்று சொன்னது எனக்கே பிடிக்கவில்லை.

கிளாட்வின் போனில் வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னான். உன்னைப் பற்றிக் கேட்டால் "அம்மா நல்லா இருக்காங்க" என்கிறான். நீ எழுதும் சௌக்கியம் மாதிரியே இருக்கிறது.

ஒரு வரி எழுது.

உன் தம்பி,
பிரான்சுவா

*

முத்தியால்பேட்டை
9 நவம்பர் 2025

தம்பி பிரான்சுவாவுக்கு அக்கா எழுதுவது.

பிரஷர் ஏறி இறங்குகிறது, சாகிற அளவு இல்லை. உன் சர்க்கரையையும் ழோஸ்லினையும் பார்த்துக்கொள். தாளின் தலையில் சேசு மரி சூசை போடாததைக் கவனித்திருப்பாய். கை வரவில்லை.

உன் செப்டம்பர் கடிதத்தை நான் மூன்று தரம் படித்தேன். முதல் தரம் உன்மேல் எரிச்சல் வந்தது. அடுத்த தரம் செம்மல்மேல். கடைசியில் திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

முதல் தடவை ஒரு ஸ்பூன்தான். அதை நம்பு. ஞானஸ்நானத்துக்கு ஊற்றுவதுபோல, என் பிள்ளையைக் காப்பாற்று தாயே என்று சொல்லித்தான் ஊற்றினேன். வண்டி கொஞ்சம் உதறியது, அன்றைக்கு அவன் தூரமாக எங்கேயும் போகவில்லை. மாதா கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் கூட ஊற்றினேன். அவன் நடந்து வந்து என்கூடக் கஞ்சி குடித்தான் என்று எழுதினேனே, அன்றிலிருந்து எனக்குத் தெரியும். நான் ஜெபம் செய்யவில்லை, வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். தெரிந்துதான் ஊற்றினேன். அது தண்ணீர் இல்லை, மாதா என்று சொல்லிக்கொண்டு ஊற்றினேன்.

நடுரோட்டில் நிற்கிற வண்டி ஆளைக் கொல்லும் என்று நீ எழுதியதை அவனிடம் சொல்லவில்லை. அது அவ்வளவு தூரம் போகாது என்று இருந்தேன். நிறைய ஊற்றியிருக்கிறேனே என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவன் நெற்றியைத் தைக்கும்போது பக்கத்தில் நின்றேன். சின்னப்பொண்ணு என்று ஒரு நர்ஸ், நான் வேலை பழக்கியவள். "உங்க மாதா காப்பாத்திட்டாங்க அக்கா" என்றாள். ஓடிப்போய் பாத்ரூமில் வாந்தி எடுத்தேன்.

கிளாட்வின் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கல்லறைத் திருநாள் அன்றைக்குக் காலையில் வண்டியை வாசலில் நிறுத்தினான். தோள் இன்னும் முழுசாகச் சேரவில்லை, ஒரு கையால்தான் திருப்புகிறான். "ஏறும்மா, அப்பாவப் பாத்துட்டு வரலாம்" என்றான். அந்த வண்டியில் நான் முதல்முறையாக ஏறினேன். சீட்டில் இன்னும் எலி நாற்றம். மடியில் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி.

அஜந்தா சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினான். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது, அதன் உறுமல் என் முதுகில் கேட்டது. வண்டி அணையவில்லை. ஒரு உதறல்கூட இல்லை. தூங்குகிற குழந்தை மூச்சுவிடுவதுபோல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் என் பக்கம் திரும்பாமல், "இப்ப நல்லா நிக்குது பாத்தியாம்மா" என்றான். ஆமாம் என்றேன். பச்சை விழுந்தது, போனோம். உப்பளம் கல்லறையில் செலஸ்தேனுக்குப் பூப்போட்டபோது எனக்கு வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை கை தவறி அந்தக் கிரீடம் டேங்குக்குள் விழுந்தது. மூடி இல்லாத பாட்டிலின் வாயில் பஞ்சை அடைத்து, மற்ற மாதாக்களுக்குப் பின்னால் மாடத்தில் வைத்திருந்தேன். கல்லறையிலிருந்து திரும்பி வந்து விளக்கேற்றப் போனேன். அந்தப் பாட்டில் முன்வரிசையில் நிற்கிறது. பஞ்சு இல்லை. தலையில் நீலக் கிரீடம் திருகி இருக்கிறது.

செம்மல் கேட்டானே, எங்கே மாட்ட வேண்டும் என்று. என் பிள்ளைக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மாட்டிவிட்டு, கை கழுவிவிட்டு, "அம்மா பசிக்குது" என்று சோற்றுக்கு வந்து உட்கார்ந்தான். பரிமாறினேன்.

அந்தக் கிரீடத்தைச் சோப்பு போட்டுக் கழுவினேன், எலுமிச்சை தேய்த்தேன், ஸ்பிரிட்டில் ஊற வைத்தேன். பெட்ரோல் நாற்றம் போகவில்லை. முன்னால் நின்று மெழுகுவர்த்தி கொளுத்தப் பயமாக இருக்கிறது. மாதா இருட்டில்தான் இருக்கிறாள். கிரீடத்தை எடுத்து எறியவும் மனசு வரவில்லை, அவன் கையால் மாட்டியது.

உன்னைப் பற்றி இதுவரைக்கும் எழுதிய எதையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் இடத்தில் நிற்காதவன்தான் நீ. ஆனால் உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. கிளாட்வினோடு பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னைப் பேசச் சொல்லாதே. இப்போது எனக்கு என் குரல்தான் குமட்டுகிறது.

அக்கா,
பெர்னதெத்